விடலையின் கையில் இருந்த வேல்

தமிழ்ச் செய்தித்தாள்களில் 'விடலை' என்ற சொல் தலைகாட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒரே ரகம். நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் பைக் பந்தயம் விட்டவர்கள், 'பஸ் டே' கொண்டாடுகிறோம் என்று பேருந்தின் கூரை மேல் ஏறி ஆடியவர்கள், பள்ளி விடும் நேரத்தில் தெருமுனையில் நின்று கிண்டல் செய்தவர்கள் எல்லோரும் விடலைகள். அதே பதினேழு வயதில் மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனை எந்தப் பத்திரிகையும் விடலை என்று எழுதாது. அவன் மாணவன், சாதனை மாணவன். இத்தனைக்கும் அந்த வயதைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாடநூலும் சுகாதாரத் துறையும் வளரிளம் பருவம் என்கின்றன. எழுத்தாளர்கள் பதின்பருவம் என்கிறார்கள். இலங்கையின் கல்வித் தமிழில் அது கட்டிளமைப் பருவம். இவை மூன்றும் வயதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. விடலை மட்டும்தான் வயதோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது: இவனுக்கு இன்னும் விவரம் பத்தாது, பொறுப்பு வரவில்லை, சொன்னால் கேட்கமாட்டான். 'விடலைத்தனம்' என்று அதிலிருந்து ஒரு குணப்பெயரையும் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தத் தீர்ப்பு சொல்லோடு கூடப் பிறந்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை வெளியிட்ட பேரகராதியைத் திறந்தால், விடலை என்பதற்குப் பதினாறிலிருந்து முப்பது வயதுக்கு உட்பட்டவன் என்று ஒரு பொருளும், திண்ணியோன், வீரன், பாலைநிலத் தலைவன் என்று வேறு பொருள்களும் இருக்கும். அகப்பொருள் இலக்கணங்கள் பாலைத் திணையின் தலைவனுக்குத் தரும் பெயர்கள் விடலை, காளை, மீளி. பன்னிரு பாட்டியல் ஆண்களின் பருவங்களை அடுக்கும்போது பாலனில் ஆரம்பித்து விடலை வரை வந்து, முப்பது தாண்டியவனை முதுமகன் ஆக்கிவிடுகிறது. (அந்தக் கணக்கை இன்றைக்கு அமல்படுத்தினால் நம் கட்சிகளின் இளைஞர் அணிகளில் பாதிப் பேர் வெளியே போக வேண்டியிருக்கும்.) தென் மாவட்டங்களில் சிதறுகாய் உடைப்பதை 'விடலை போடுவது' என்பார்களே, அது வேறு கணக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அகராதியை விடப் பாட்டில் இந்தச் சொல் இன்னும் தெளிவாகத் தெரியும். குறுந்தொகையின் 15ஆம் பாட்டு ஔவையார் பாடியது. மகள் காதலனோடு ஊரை விட்டுப் போய்விட்டாள். வளர்த்த செவிலி பெற்ற தாய்க்கு அதைச் சொல்லியாக வேண்டும். இன்று ஒரு வீட்டில் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தச் செவிலியோ, பழைய ஆலமரத்தடி மன்றத்தில் கூடும் நாலூர்க் கோசர்களின் வாக்குப் பொய்க்காது என்பதை நினைவூட்டி, அதைப் போலவே இவர்கள் நட்பும் மெய்யாகிவிட்டது என்கிறாள். பறை முழங்கச் சங்கு ஒலிக்க நடக்கும் மணத்தையும் அந்தப் பேச்சிலேயே கொண்டுவந்துவிடுகிறாள். பெண்ணைக் கூட்டிப்போனவனை அவள் விடலை என்கிறாள். அவன் கையில் சிவந்த இலைபோன்ற முனையுள்ள வெள்ளிய வேல் இருக்கிறது. வாக்குத் தவறாதவர்களைப் பற்றிய பேச்சின் நடுவில், வாக்கைக் காப்பாற்றியவனுக்கு வைத்த பெயர் அது. பாலை வழியில் கள்வர் உண்டு, தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. ஒரு பெண்ணை அந்த வழியில் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தவன் விடலை.

பாட்டில் வருவதை வைத்து வாழ்க்கையைச் சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. சங்கப் பாடல் மரபுக்கு உட்பட்ட கவிதை. அதில் தலைவன் அழகன், வீரன், அவன் மலை உயர்ந்தது, அவன் குதிரை வேகமானது. அக்காலத்திலும் ஊர்ப்பொழுதை வீணாக்கிய பையன்கள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பாட யாரும் வரவில்லை, அவ்வளவுதான். இதை முழுக்க ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த மறுப்பு நிற்க வேண்டுமானால், இளமையின் அறியாமை என்ற விஷயமே அந்தப் புலவர்கள் கண்ணில் படவில்லை என்று காட்ட வேண்டும். உண்மை நேர் எதிர். மகளைப் பிரிந்த தாய்மார்கள் அவளைப் பேதை என்றுதான் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்கள். பந்து விளையாடிய கால், பாலுக்கு அடம்பிடித்த வாய் என்று அவள் சிறுவயதுக்கு அடுக்கடுக்காகச் சாட்சி சொல்கிறார்கள். அரசியலிலும் அந்தப் பேச்சு இருந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சிறு வயதில் பட்டத்துக்கு வந்தபோது, சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் சேர்ந்து படையெடுத்தார்கள். அவர்கள் தங்கள் யானையையும் தேரையும் படையையும் எண்ணிக் காட்டி, இவன் சின்னப் பையன்தானே என்று ஏளனமாகச் சிரித்தார்கள். இதை நமக்குச் சொல்பவன் நெடுஞ்செழியனே. புறநானூற்றின் 72ஆம் பாட்டு அவன் பாடியது. இவர்களை முறியடிக்காவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் ஒதுங்கட்டும் என்று வஞ்சினம் சொல்கிறான். 'சின்னப் பையன்' என்ற வசைக்குத் தமிழில் எழுத்துச் சான்று கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு இருக்கிறது.

அந்தப் போரைப் பாடிய இடைக்குன்றூர் கிழாரின் 77ஆம் பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புலவர் அவன் உடம்பில் காலில் ஆரம்பித்து மேலே போகிறார். கிண்கிணியைக் கழற்றிய காலில் இப்போது வீரக்கழல் இருக்கிறது. குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிரும் உழிஞைக் கொடியும் சூடியிருக்கிறான். குறுந்தொடி கழன்ற கை வில்லைப் பிடித்திருக்கிறது. தேரின் முன்பக்கத்தில் நிற்கிறான். யார் இவன் என்று கேட்டுவிட்டுப் புலவர் தொடர்கிறார்: மாலை போட்டிருக்கிறான், ஆனால் குழந்தைக்குக் காவலாகக் கட்டிய ஐம்படைத் தாலியை இன்னும் கழற்றவில்லை, பால் குடிப்பதை விட்டு இன்றைக்குத்தான் சோறு உண்டிருக்கிறான். இவ்வளவு பச்சையாக ஒருவனின் சிறுவயதைச் சொன்ன பிறகு, அடுத்து வருவதுதான் புலவரின் கெட்டிக்காரத்தனம். கோபத்தோடு மேலே வந்த மறவர்களைப் பார்த்து அவன் மலைக்கவும் இல்லை, அவர்களை இளக்காரமாக நினைக்கவும் இல்லை. பிடித்துக் கவிழ்த்து நிலத்தில் சாய்த்த பிறகும் அவனுக்கு மகிழ்ச்சியும் இல்லை, செருக்கும் இல்லை. நாம் முதிர்ச்சி என்று எதைச் சொல்கிறோமோ அதன் நான்கு அடையாளங்களையும் ஐம்படைத் தாலி கட்டிய பையனிடம் வைத்துவிட்டார். தாக்க வந்த பெரியவர்களுக்கு அவர் கொடுத்த அடைமொழி 'வம்ப'. அதாவது புதிதாக முளைத்தவர்கள். பையனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் பெரியவர்கள் மேல் திருப்பிவிட்டார்.

அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? இருந்தது; அதை எந்த வடிவத்தில் கேட்டார்கள் என்பதற்குக் கரிகாலன் கதை ஒன்று போதும். பழமொழி நானூறு சொல்லும் கதை அது. வழக்கோடு வந்த நரைத்த முதியவர்கள் இருவர், இந்த இளையவனுக்கு எங்கள் வழக்கின் முடிவு தெரியாது என்று தயங்குகிறார்கள். சோழன் உள்ளே போய் நரைமுடி கட்டிக்கொண்டு முதியவனாக வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான், வந்தவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கரிகாலனின் சாதுர்யத்துக்குச் சான்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது முதியவர்களைப் பற்றிய கதையும்கூட. தீர்ப்பு மாறவில்லை, தலைமுடி மட்டும் மாறியது. அவர்கள் தேடியது அனுபவத்தைத்தான். கண்ணுக்குப் பட்டதோ நரை.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வரலாம். இளமை இல்லாமல் அனுபவக்குறைவு மட்டும் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் கோவலனை விட நல்ல சான்று கிடையாது. மணமாகும்போது அவனுக்குப் பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு என்கிறார் இளங்கோ. மதுரைக்குப் போகும்போது அவன் பையன் இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன, மாதவியிடம் ஒரு மகளும் பிறந்தாயிற்று. பெருவணிகன் மாசாத்துவானின் மகன். ஆனால் காப்பியம் காட்டுகிற அளவில், அவனே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் விலை பேசப் போவது கண்ணகியின் சிலம்போடுதான். அறிமுகம் இல்லாத ஊர், முதலில் கண்ணில் பட்ட பொற்கொல்லன், அரசிக்கு ஏற்ற சிலம்பு இது என்று அவனிடமே போய் விலை கேட்கிறான். அவன் சொன்னபடி அவன் குடிலுக்குப் பக்கத்தில் போய்க் காத்தும் இருக்கிறான். ஊழ்வினை என்று காப்பியம் சொல்லும். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஊழ் நுழைந்த வாசல் எது என்று பார்த்தால், தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தும் ஒருநாளும் கடையில் உட்காராத ஒருவனின் பழக்கமின்மை. வயது கூடியது, கை பழகவில்லை. மரபு விடலை என்று போற்றியது கை பழகிய இளைஞனை. கோவலனிடம் அந்தக் கை இல்லை.

இத்தனையும் வைத்துப் பார்த்தால், விடலை தாழ்ந்தது பையன்கள் கெட்டுப்போனதால் என்ற விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை. வேலோடு இருந்தவன் கையில் ஒன்றும் இல்லாமல் போனபோது சொல்லும் இறங்கியது என்றே நினைக்கிறேன். குழந்தைப் பருவத்துக்கும் குடும்பஸ்தன் ஆவதற்கும் நடுவில் உள்ள காலம் கடந்த நூறாண்டில் எவ்வளவு நீண்டது என்று பாருங்கள். 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று திருமண வயதின் கீழ் எல்லையை வகுத்தது. 1978இல் அது பதினெட்டு, இருபத்தொன்று ஆனது. அதே 1978இல் தமிழ்நாட்டில் பழைய பதினோராம் வகுப்பும் புகுமுக வகுப்பும் போய் மேல்நிலைப் படிப்பு வந்தது. கல்லூரியில் கழிந்த ஒரு வருடம் பள்ளிக்குள் வந்தது, சீருடை பதினேழு வயது வரை நீண்டது. மூன்றே வருடத்தில், 1981இல், 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' என்று இரண்டு படங்கள் அந்த வயதின் காதலை வைத்தே வந்து ஓடின. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் கையில் எடுக்கும் தொடர் விடலைப் பருவக் காதல். ஊரை எதிர்த்து இரு இளையவர்கள் விரும்புவது ஔவையார் பாடிய அதே விஷயம். பையனுக்கு வைத்த சொல்லும் அதே சொல். அங்கே அது பெருமை, இங்கே பரிவோடு சொன்னாலும் ஒரு படி கீழே. அவன் தோளில் வேல் இருந்த இடத்தில் புத்தகப்பை இருக்கிறது.

இதைப் படித்ததும், பழைய காலத்துக்குப் போகச் சொல்கிறீர்களா, பன்னிரண்டு வயதுத் திருமணத்தையும் பதினான்கு வயது வேலையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டுமா என்று கோபப்படுவார்கள். கூடவே கூடாது. அந்த இடைக்காலம் நீண்டது நமக்குக் கிடைத்த பெரிய லாபங்களில் ஒன்று, அதிலும் பெண்களுக்கு. கேள்வி நீளத்தைப் பற்றியதில்லை. அதற்குள் என்ன வைத்திருக்கிறோம் என்பது. பதினான்கிலிருந்து இருபத்தொன்று வரை ஒரு பையனிடம் வீடு கேட்பது மதிப்பெண் ஒன்றைத்தான். வங்கிக்குப் போக அப்பா, மருத்துவமனையில் பேச அம்மா, ரேஷன் கடைக்கும் மின்கட்டணத்துக்கும் யாரோ ஒருவர். தவறினால் விளைவு தன் தலையில் விழும் என்ற வேலை ஒன்றுகூட அவன் கைக்கு வருவதில்லை. பிறகு இருபத்திரண்டில் அவனுக்கு விவரம் பத்தவில்லை என்று சலித்துக்கொண்டு, அதற்குக் காரணம் வயது என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

வயதுதான் காரணம், மூளையே அப்படித்தான் என்பது இன்றைய படித்த வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பரிசையும் பரபரப்பையும் தேடும் பகுதி அதற்கு முன்பே வேகமெடுத்துவிடுகிறது. ஆனால் அதே துறையில் நடந்த ஒரு சோதனையைக் கவனியுங்கள். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகு இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். சிலரைத் தனியாகவும் சிலரை நண்பர்களோடும் ஆட விட்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது; வயது வந்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. நள்ளிரவு பைக் பந்தயத்தில் ஏன் எப்போதும் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஏன் ஒருவன் தனியாகப் போய்ப் பந்தயம் விடுவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் ஆற்றலில் பதினாறு வயதுக்காரர்கள் பெரியவர்களுக்கு அதிகம் சளைத்தவர்கள் இல்லை என்றும் ஸ்டைன்பெர்க் எழுதிவந்திருக்கிறார். ஆக, அறிவியல் சொல்வது அறியாமையைப் பற்றி அல்ல. கூட்டத்தைப் பற்றி, அந்த நேரத்துச் சூட்டைப் பற்றி. 'விடலைத்தனம்' அறியாமையையும் இந்தச் சூட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறது. எந்த வயதில் முதிர்ச்சி வரும் என்பதில் சட்டத்துக்கே ஒரு மனம் கிடையாது. 61ஆம் திருத்தத்தால் 1989 முதல் பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம். மக்களவைக்குப் போட்டியிட இருபத்தைந்து ஆக வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றம் என்றால் பதினாறு வயதுக்காரனையும் பெரியவனாக நிறுத்தி விசாரிக்க வழி உண்டு. தண்டிக்கப் பதினாறில் முதிர்ச்சி வந்துவிடுகிறது, நாட்டை ஆள இன்னும் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும்.

வள்ளுவர் இந்தக் குழப்பத்துக்குள் போகவில்லை. பேதைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார், அது 84ஆவது. உடனே அடுத்து 85ஆவதாகப் புல்லறிவாண்மையை வைத்தார். முதலாவது நன்மை எது தீமை எது என்று பிரித்தறியாதவனைப் பற்றியது. இரண்டாவது கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று நினைப்பவனைப் பற்றியது. இரண்டிலும் வயது கணக்கில் இல்லை. பெண்ணின் பருவங்களில் முதலாவதான ஐந்து முதல் ஏழு வயதுக்கும் பேதை என்றுதான் பெயர். குறளோ அந்தச் சொல்லை எடுத்து வளர்ந்தவர்களின் குணத்துக்கு வைக்கிறது. உலக வழக்கில் மட்டும் பேதை பெண்ணை விட்டு நகரவே இல்லை. பேதைப் பெண் என்பார்கள், பேதைப் பையன் என்று சொல்வதைக் கேட்பது அரிது. ஆணின் பழக்கமின்மை வளர்ந்தால் போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். பெண்ணின் பழக்கமின்மையை அவளுக்கு அணிகலன் ஆக்கி, மடம் என்று பெயரிட்டுப் பெண்மைக்குரிய குணங்களில் சேர்த்தார்கள்.

இன்றைய பேச்சுத் தமிழில் புல்லறிவாண்மைக்கு அருகில் இருப்பது கத்துக்குட்டி, எழுத்தில் கற்றுக்குட்டி. விடலையை விட இது நேர்மையான சொல். அறுபது வயதில் வீணை தொட்டவரும் கத்துக்குட்டிதான். வயதைத் தொடாமல் கற்றலை மட்டும் அளக்கிறது. ஆனால் இதையும் விளையாட்டுப் பக்கம் கெடுத்துவிட்டது. கிரிக்கெட்டில் கத்துக்குட்டி அணி என்றால் ஜெயிக்கக் கூடாத அணி. 1996இல் புனேயில் கென்யா வெஸ்ட் இண்டீஸை 93 ரன்னுக்குச் சுருட்டியபோதும், 2007 மார்ச் 17இல் ஒரே நாளில் அயர்லாந்து பாகிஸ்தானையும் வங்கதேசம் இந்தியாவையும் வீழ்த்தியபோதும் அதே சொல்தான். வங்கதேசம் டெஸ்ட் அந்தஸ்து பெற்று அப்போது ஏழு வருடம் ஆகப்போகிறது! இந்தியாவே முதல் இரண்டு உலகக் கோப்பைகளில் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும்தான் ஜெயித்திருந்தது. 1979இல் டெஸ்ட் அந்தஸ்து கூட இல்லாத இலங்கையிடம் தோற்றது. 1983இல் கோப்பையைத் தூக்கியது. கத்துக்குட்டிகள் தேறுவது ஆடினால்தான். அப்படியிருக்க, 2007இல் பதினாறு அணிகள் ஆடிய ஒருநாள் உலகக் கோப்பையை 2019இல் பத்தாகக் குறைத்தார்கள். தரம் கெடுகிறது என்பது வாதம். இருபது அணிகளுக்குக் கதவைத் திறந்த 2024 டி20 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனது. ஒரு அணி புதிது என்பதற்காக ஆட விடாமல், ஆடாததால் அது புதிதாகவே இருக்கிறது என்று சொல்வது, விடலை விஷயத்தில் நாம் வீட்டில் செய்வதேதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கிரிக்கெட்டில் தோற்றால் கோப்பை போகும். அறுவைச் சிகிச்சையில் தவறினால் உயிர் போகும். அனுபவம் இல்லாதவர் கையில் கத்தியைக் கொடுக்க முடியாது, அதைச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டும். வேண்டும்தான். அதனால்தான் மருத்துவப் படிப்பு முடித்தவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக இருக்கிறார். கார் ஓட்டக் கற்பவர் பழகுநர் உரிமம் வாங்கி, வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தாக எல் மாட்டிக்கொண்டு, குறைந்தது முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போகிறார். இந்தப் பெயர்களில் ஒரு வசதி உண்டு. அவை எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரியும். அந்தப் பலகையைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் எரிச்சல்படலாம், ஆனால் அதை மாட்டியிருப்பவரின் குணம் அது என்று யாரும் நினைப்பதில்லை. விடலைக்கும் கத்துக்குட்டிக்கும் அப்படி ஒரு முடிவுத் தேதி இல்லை, சொல்கிறவர் மனம் வைத்தால்தான் போகும்.

முடிவுத் தேதி இல்லாத இப்படிப்பட்ட பெயர்களில் மிக மோசமானது நம் கண்முன்னே தினமும் புழங்குகிறது. கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கீழே இருப்பவர் சித்தாள். சிற்றாள் என்பதன் பேச்சு வடிவம், சிறிய ஆள் என்று பொருள். தொழிலின் முதல் படிக்கு வைத்த பெயர் என்ற அளவில் அதில் குற்றமில்லை. கலவை போட்டு, செங்கல் எடுத்துக் கொடுத்து, சாரத்தில் நின்று பார்த்துப் பழகிய ஆண்களில் பலர் சில வருடத்தில் கரண்டியைப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், கொத்தனார் ஆகிவிடுகிறார்கள். அதே சாரத்தில் பதினெட்டு வயதில் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிய பெண் நாற்பத்தெட்டிலும் சித்தாள்தான். எந்தக் கலவையில் சிமெண்ட் குறைச்சல், எந்தச் சுவர் தூக்கு விலகிப் போகிறது என்பதை இளம் கொத்தனாருக்கு அவர்தான் சொல்கிறார். கூலி நாளில் இருவரின் தொகையும் வேறு. அவருக்கு வயது வந்துவிட்டது, அனுபவமும் வந்துவிட்டது, பெயர் மட்டும் சிறிய ஆள். பெண்ணுக்கு உடல்வலு போதாது என்ற பதில் இங்கே எடுபடாது. ஈரக் கலவை நிறைந்த சட்டியைச் சுமந்து இரண்டாம் மாடிக்கு ஏறுவதை விடக் கரண்டி பிடிப்பது கனமான வேலை இல்லை. கணக்குத் தெரியாது என்பார்கள். மட்டம் பார்க்கக் கற்றுக்கொள்ளும் பல ஆண்களும் பள்ளியில் அதிகம் படித்தவர்கள் இல்லை. கரண்டியை ஒருநாள் அவர் கையில் கொடுத்து ஒரு வரி கட்டச் சொல்லிப் பார்த்த பிறகு தெரியாது என்று சொல்லியிருந்தால், அது அனுபவக்குறைவு. கொடுக்காமலே சொல்வதற்குத் தமிழில் வேறு பெயர் வேண்டும்.